பழைய காருக்குப் புதுப் பொலிவு: சாயத்திலும் ரிம்மிலும் சிக்கனம் எங்கே, செலவு எங்கே?

1985 ஜூலை 9ஆம் தேதி அறிமுகமான புரோட்டோன் சாகா, மிட்சுபிஷி லான்சர் பியோரே காரை அடிப்படையாகக் கொண்டு உருவானதாயினும், மலேசியாவின் உழைக்கும் குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் சொந்தக் காராக அமைந்தது. ஷா ஆலாம் தொழிற்சாலையில் பிறந்த அந்தக் காரும், 1992இல் அதன் வழிவந்த ஈஸ்வராவும், 1994இல் பெரோடுவா வெளியிட்ட கான்சிலும் கிள்ளான் வட்டாரத்தின் வீட்டு முற்றங்களில் இன்றும் நிற்பதைக் காணலாம். இவற்றின் எஞ்சின்கள் எளிய அமைப்புடையவை. உதிரிப் பாகங்களும் பழைய பொருள் கடைகளில் கிடைக்கின்றன. ஆகவே ஓட்டம் நிற்பதற்கு வெகு முன்பே கூரையின் நிறம் வெளிறி, சக்கர வளைவில் துரு பூத்து, ரிம்மின் வெள்ளிப் பூச்சு உரிந்து, கார் தன் வயதைக் காட்டிவிடுகிறது.

பழைய கார்களைச் சாலையிலிருந்து அகற்றும் எண்ணம் அரசுக்கும் வந்ததுண்டு. 2009இல், பத்தாண்டுக்கு மேற்பட்ட காரை ஒப்படைத்துவிட்டுப் புதிய புரோட்டோனோ பெரோடுவாவோ வாங்குவோருக்கு 5,000 ரிங்கிட் சலுகை அறிவிக்கப்பட்டது; அதே ஆண்டில், 15 ஆண்டு கடந்த வாகனங்களுக்குச் சாலைவரி புதுப்பிக்கும்போது கட்டாயச் சோதனை என்ற திட்டமும் அறிவிக்கப்பட்டு, மக்களின் எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டது. ஒன்பது ஆண்டுவரை நீளும் தவணைக் கடனைத் தலையில் ஏற்றிக்கொள்ள விரும்பாத குடும்பத்துக்கு, கடன் தீர்ந்த பழைய காரைப் பேணிக் காப்பது பொழுதுபோக்கன்று, குடும்பக் கணக்கு. அந்தக் கணக்கில் சாயத்துக்கும் ரிம்முக்கும் ஒதுக்கப்படும் சிறு தொகை எங்கே செல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். பட்டறையில் நுழைவோர் பெரும்பாலும் முழுக் காருக்கும் சாயமடிக்க எவ்வளவு ஆகும் என்று கேட்கின்றனர். எந்தப் பகுதியைத் தொடாமல் விடலாம் என்று கேட்பவர்க்கே சிக்கனம் கைகூடுகிறது.

தொழிற்சாலைப் பூச்சு ஏன் உயர்ந்தது?

கார்த் தொழிற்சாலையில் வெறும் இரும்புக் கூடு முதலில் கழுவப்பட்டு, துருவைத் தடுக்கும் பாஸ்பேட் கரைசலில் நனைக்கப்படுகிறது. அடுத்து, மின்னூட்டம் பெற்ற நிலையில் சாயத் தொட்டிக்குள் முழுதாக அமிழ்த்தப்படுவதால், கையோ துப்பாக்கியோ எட்டாத உட்குழிவுகளிலும் ஏறத்தாழ 20 மைக்ரான் தடிமனில் ஓர் அடிப்படலம் படிகிறது; மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதன்மேல் சமன்செய்யும் அடிப்பூச்சு, நிறம் தரும் பூச்சு, நிறமற்ற கிளியர் பூச்சு ஆகியன படிப்படியாக ஏறி, 140 பாகை செல்சியஸும் அதற்கு மேலும் சூடாக்கப்பட்ட அடுப்புகளில் வாட்டப்படுகின்றன. இத்தனையும் சேர்ந்த மொத்தத் தடிமன் 100 முதல் 150 மைக்ரான்வரைதான் வரும். கண்ணாடியும் ரப்பரும் மின்கம்பிகளும் பொருத்தப்பட்ட காரை எந்தப் பட்டறையும் அந்தச் சூட்டில் வாட்ட முடியாது, தொட்டியில் அமிழ்த்தவும் முடியாது. நன்னிலையில் எஞ்சியிருக்கும் தொழிற்சாலைப் பூச்சைச் சுரண்டிவிட்டு அதைவிடத் தரம் குறைந்த ஒன்றை விலைகொடுத்து வாங்குவது சிக்கனத்துக்கு நேர் எதிரான செயல். இரண்டே நாளில் முழுக் காரையும் பளபளக்கச் செய்துதரும் மலிவுச் சாயம், கூட்டிக் கழித்துப் பார்த்தால், எல்லாவற்றிலும் செலவு மிகுந்தது. துருவின் மேலேயே அடிக்கப்படும் அந்தச் சாயம் விரைவிலேயே கொப்பளிக்கும், பிறகு அதையும் சேர்த்துச் சுரண்ட வேண்டியிருக்கும்.

பண்டமாரானின் சூழல் இந்தக் கணக்கை மேலும் இறுக்குகிறது. கிள்ளான் நகருக்கும் கிள்ளான் துறைமுகத்துக்கும் இடையே, மலாயா அவசரகாலத்தில் உருவான புதுக்கிராமங்களுள் ஒன்றாகிய இவ்வூர், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 3 பாகையில் அமைந்திருப்பதால், ஆண்டு முழுவதும் உச்சி வெயிலின் புறஊதாக் கதிர்கள் காரின் கூரையையும் முன்மூடியையும் ஏறக்குறையச் செங்குத்தாகத் தாக்குகின்றன. கடற்காற்றிலுள்ள உப்பு தகட்டின் கீறல்களில் ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவை விரைவுபடுத்துகிறது. கொள்கலன் லோரிகள் எழுப்பும் தூசு, துடைக்கும் துணியில் ஒட்டிப் பூச்சையே கீறுகிறது. ஆதலால் இங்கே காரைத் துடைப்பதற்கு முன் நீரடித்துத் தூசை இறக்குவது அவசியம். உலர்ந்த துணியால் அன்றாடம் பக்தியோடு துடைக்கப்படும் கார்களின் பூச்சில் சிலந்தி வலைபோல் நுண்கீறல்கள் நிறைந்திருப்பதற்கு அந்தப் பக்தியே காரணம்.

வெளிறிய பூச்சுகளில் இருவகை உண்டு, இரண்டுக்கும் மருந்து வேறு. 1980களின் சிவப்பு, வெள்ளை போன்ற உலோகத்துகள் கலவாத நிறங்கள் பல, கிளியர் இல்லாமல் ஒரே வகைப் பூச்சாகவே அடிக்கப்பட்டவை. அவற்றின் மேற்பரப்பு வெயிலில் சிதைந்து சுண்ணாம்புபோல் பொடியானாலும் அடியில் நல்ல நிறம் மிஞ்சியிருக்கும். உலோகத்துகள் கலந்த நிறங்களோ கிளியரின் காப்பில் இருப்பவை. கிளியர் பால்போல் வெளுத்து, விளிம்பில் தோல் உரிவதுபோல் உரியத் தொடங்கியபின் எந்த மெருகுப் பசையும் அதை மீட்காது. எது எவ்வகை என்று அறிய, வெள்ளைப் பருத்தித் துணியில் மெருகுப் பசையைச் சிறிது தொட்டு, கண்ணுக்குப் படாத ஒரு மூலையில் தேய்த்தால் போதும்: துணியில் காரின் நிறம் ஏறினால் ஒற்றைப் பூச்சு, துணி அழுக்காக மட்டும் ஆனால் மேலே கிளியர் இருக்கிறது.

ஒற்றைப் பூச்சுக் காருக்கு மிகக் குறைந்த செலவில் மிகுந்த பலன் தருவது மெருகிடுதலே. முதலில் கார் கழுவப்பட்டு, பூச்சில் புதைந்துள்ள இரும்புத் துகள்களும் மரப்பிசினும் சவர்க்கார நீர் தெளித்த களிமண் கட்டியால் உருவி எடுக்கப்படுகின்றன. பிறகு சொரசொரப்பான பசையில் தொடங்கி நுண்ணிய பசைக்கு மாறி, நிழலில், இரண்டு சாண் பரப்பு எனச் சிறிது சிறிதாக மெருகிட வேண்டும். ஆழமான கீறல் இருந்தால் மட்டும் 2000 எண் உப்புத்தாளை நீரில் ஊறவைத்து மெல்லத் தேய்க்கலாம். தாளின் எண் உயர உயர அதன் மணல் நுண்ணியதாகும். கதவின் விளிம்பு, முன்மூடியின் மடிப்புக் கோடு போன்ற மேடான இடங்களில் பூச்சு இயல்பாகவே மெலிந்திருப்பதால், அங்கே மெருகு இயந்திரத்தை ஒரு கணம் கூடுதலாக நிறுத்தினாலும் அடிப்பூச்சு தெரிந்துவிடும். அத்தகைய விளிம்புகளைத் தொடக்கத்திலேயே ஒட்டுத்தாளால் மூடிவைப்பது நல்ல கைவினைஞரின் பழக்கம். இறுதியில் மெழுகு பூசாவிட்டால் மெருகு நீடிக்காது. வெயில் மீண்டும் அதே வேலையைத் தொடங்கும்.

துருவோடு நடக்கும் கணக்கு

பணத்தின் பெரும்பங்கு செல்ல வேண்டிய இடம் துரு. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகுவதால், பூச்சுக்கு அடியில் கடுகளவு துரு இருந்தாலும் அது மேலுள்ள பூச்சைத் தூக்கிக் கொப்புளமாக்குகிறது. கொப்புளம் கண்ணுக்குத் தெரியும்போது அடியிலுள்ள சேதம் அதைவிடப் பரந்திருக்கும். பின்சக்கர வளைவின் உள்மடிப்பில் விரலைக் கொடுத்து வருடினால், சேறு உலர்ந்து கட்டியாகியிருப்பதும், அதைப் பெயர்த்தால் செதில் செதிலாகத் துரு உதிர்வதும் தெரியவரும். அந்த மடிப்பு எப்போதும் ஈரம் சுமப்பதால் பல கார்களில் நோய் அங்கேதான் தொடங்குகிறது. கதவின் அடிவிளிம்பிலுள்ள வடிகால் துளைகள் தூசால் அடைபட்டு நீர் உள்ளேயே தேங்குவது, முன்கண்ணாடியைச் சுற்றிய ரப்பருக்கடியில் ஈரம் தங்குவது, உபரிச் சக்கரம் கிடக்கும் பள்ளத்தில் மழைநீர் கசிவது ஆகியவையும் தேடிப் பார்க்க வேண்டிய இடங்கள். அடைபட்ட துளையை ஒரு கம்பியால் குத்திவிடுவதற்குச் செலவே இல்லை. கார் மராமத்தில் இதற்கு இணையான லாபம் வேறெதிலும் கிடைக்காது.

மேலோட்டமான துருவைக் கம்பித் தூரிகையாலும் 80 எண் தாளாலும் வெண்மையான இரும்பு தெரியும்வரை தேய்த்தெடுப்பதே முதல் வழி. நுண்குழிகளில் எஞ்சுவதை, பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ கலந்த துருமாற்றிகள் கரையாத சேர்மமாக மாற்றுகின்றன. ஆனால் உதிரும் தடித்த துருவின் மேல் அவற்றைப் பூசுவது பயனற்றது. தகடு விரலால் அழுத்தினால் நெளியும் அளவுக்கு அரித்திருந்தால், அவ்விடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைக்க வேண்டும். காரின் அடிச்சட்டத்திலும் வாசற்படிப் பெட்டிகளிலும் அரிப்பு ஓடியிருந்தால் சாயத்துக்கென வைத்த பணம் முழுவதும் அங்கே போகட்டும். நிறம் காத்திருக்கும், சட்டம் காத்திராது.

பள்ளத்தை நிரப்பும் பட்டி, டால்க் தூள் கலந்த பாலியெஸ்டர் பிசினாகும். அது ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையதால், வெற்று இரும்பில் முதலில் எப்பாக்சி அடிப்பூச்சு ஒன்றை ஏற்றி, அதன்மேல் பட்டியிடுவது இந்த ஈரக் காற்றுக்குப் பாதுகாப்பானது. பட்டியை இறுகச் செய்யும் கெட்டிப்பான் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடு போதும். மழை வருமுன் வேலையை முடிக்கும் அவசரத்தில் அதைக் கூட்டிக் கலந்தால், கெட்டிப்பானிலுள்ள பெராக்சைடு மிஞ்சி மேலேறி, அழகாக அடித்த நிறத்தில் கறையாக வெளிப்படும். பட்டியின் தடிமன் சில மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும், அதற்கு மேற்பட்ட பள்ளத்தைத் தகட்டைத் தட்டி நிமிர்த்தித்தான் சரிசெய்ய வேண்டும். பழைய கார் வாங்குவோர் சிறு காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிச் சக்கர வளைவில் ஒட்டிப் பார்ப்பதும் இதற்காகவே. தடித்த பட்டியின் மேல் காந்தம் பிடிக்காது.

பட்டியை 80, 180, 320 என்ற வரிசையில் தேய்த்து, அடிப்பூச்சு ஏற்றியபின், அதன்மேல் கறுப்புச் சாயத்தைப் பனிபோல் மெலிதாகத் தூவி, தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றி 600 எண்ணால் நீர்வைத்துத் தேய்த்தால், மேடுகளில் கறுப்பு அழிந்து, பள்ளங்களில் மட்டும் கறுப்பு தங்கும். கண்ணுக்கும் விரலுக்கும் அகப்படாத பள்ளங்கள் இப்படித் தம்மைத் தாமே காட்டிக்கொடுத்துவிடுகின்றன. இந்த ஒரு படியைத் தவிர்த்த காரை மாலை வெயிலில் பக்கவாட்டில் நின்று பார்த்தாலே அடையாளம் கண்டுவிடலாம்.

சாயவேலையில் கூலியின் பெரும்பகுதி இவ்வாறு தேய்ப்பதிலும் மறைப்பதிலும் கழிகிறது, நிறமடிப்பது அதில் சிறு பகுதியே. எனவே தேய்க்கும் வேலையை வீட்டு முற்றத்தில் உரிமையாளரே செய்து, விளக்குகளையும் அலங்காரப் பட்டைகளையும் கழற்றிவைத்து, நிறமடிப்பதற்கு மட்டும் காரைப் பட்டறையில் விடுவது செலவைக் கணிசமாகக் குறைக்கும் ஏற்பாடு. பிறர் தேய்த்த தகட்டின் மேல் அடிக்கும் நிறத்துக்கு உத்தரவாதம் தரப் பட்டறைகள் தயங்குவது நியாயமே. எதுவரை தங்கள் பொறுப்பு என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

நிறமடிப்பதை ஏன் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு வலுவான காரணம் உண்டு. பட்டறைகளில் பெரிதும் பயன்படும் இருகலவைப் பாலியூரித்தேன் சாயத்தில், கெட்டிப்பானாகச் சேரும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள், தூறலாக நுரையீரலுக்குள் சென்றால் தொழில்சார் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது; ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பின்னர் மிகச் சிறு அளவும் மூச்சுத்திணறலைத் தூண்டும். துணி முகக்கவசம் அதைத் தடுக்காது; வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய்வழி ஊட்டும் கவசமே முறையான பாதுகாப்பு. பிள்ளைகள் விளையாடும் வரிசை வீட்டு முற்றத்தில் இதை அடிப்பது அண்டைவீட்டாருக்கும் செய்யும் தீங்கு. கெட்டிப்பான் கலவாத சாதாரணத் தெளிப்பு டின்கள் சிறு வேலைகளுக்குப் போதும். நிப்பான் பெயிண்ட் நிறுவனத்தின் பைலாக்ஸ் போன்றவை வன்பொருள் கடைகளிலேயே கிடைக்கின்றன. அவை பெட்ரோல் பட்டால் கரையக்கூடியவை என்பதையும், முழு முன்மூடி போன்ற அகன்ற பரப்புக்கு ஏற்றவையல்ல என்பதையும் மறக்கலாகாது.

கிள்ளானின் ஈரக்காற்று இன்னொரு சிக்கல். சாயத்திலுள்ள தின்னர் ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, நிறம் பால்பூத்ததுபோல் வெளுக்கிறது. தகட்டின் வெப்பநிலை, காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியும் பனிநிலையைவிட 3 பாகையாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது இரும்புக்குச் சாயமடிப்போர் பின்பற்றும் பொது விதி. மழை பெய்து ஓய்ந்த மாலையும் விடியற்காலையும் இவ்விதிக்கு ஒத்துவரா. முற்பகல் பத்து மணிக்குமேல், நிழலில், மெதுவாக ஆவியாகும் தின்னர் கலந்து அடிப்பதே பலிக்கும்.

நிறம் பொருந்துவதற்கு, எஞ்சின் அறையிலுள்ள தகட்டில் பொறித்த நிறக் குறியீட்டை மட்டும் நம்பினால் புதிய நிறம் பழைய காரோடு ஒட்டாது. அத்தனை ஆண்டு வெயிலில் காரின் நிறம் குறியீட்டை விட்டு விலகியிருக்கும். பெட்ரோல் ஊற்றும் வாயின் சிறு மூடியைக் கழற்றி மெருகிட்டு, சாயம் கலந்து தரும் கடைக்கு எடுத்துச் சென்றால், அதைப் பார்த்தே நிறத்தைக் கூட்டிக் குறைத்துத் தருவார்கள். உலோகத்துகள் கலந்த நிறமாயின் ஒரு கதவில் அடித்ததை அடுத்த கதவுவரை மெலிதாகக் கரைத்து முடிக்க வேண்டும். இல்லையேல் ஒட்டுப்போட்டதுபோல் தெரியும்.

ரிம்: வீட்டிலேயே முடிக்கக்கூடிய வேலை

ஒரு காரில் உரிமையாளர் தம் கையாலேயே முழுமையாகச் செய்துமுடிக்கத்தக்க பகுதி சக்கரம். சிறியது, கழற்றக்கூடியது, பிழைத்தாலும் மீண்டும் சுரண்டி அடிக்கலாம். 13 அங்குல இரும்பு ரிம்மாயின் கம்பித் தூரிகை, துருமாற்றி, அடிப்பூச்சு, வெள்ளிச் சாயம் என்ற எளிய வரிசையே போதும். நான்கு இரும்பு ரிம்களைச் செம்மையாக்கி, டயரின் பக்கங்களைக் கழுவிக் கறுப்பாக்கினாலே, வெளிறிய காரும் பேணப்படும் கார் என்ற தோற்றத்தைப் பெற்றுவிடும்.

ஸ்போர்ட் ரிம் என்று வழங்கும் அலுமினியக் கலவை ரிம்முக்குக் கூடுதல் கவனம் தேவை. பிரேக் தேய்வதால் எழும் இரும்புத்தூள் சூட்டோடு கிளியரில் புதைந்து பழுப்புப் புள்ளிகளாகிறது. அதை நீக்க விற்கப்படும் கடும் அமிலத் திரவங்கள் சிலவற்றில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் இருப்பதுண்டு, அது அலுமினியத்தையும் தோலையும் ஒருங்கே அரிப்பதால் அத்தகைய டின்னைத் தொடாதிருப்பதே நலம். நடைபாதை விளிம்பில் உரசிய தழும்புகளை 180 எண் தாளில் தொடங்கி 400, 600 எனத் தேய்த்துச் சமப்படுத்தி, ஆழமான குழியில் மட்டும் பட்டியிட்டு, வெற்று அலுமினியத்தில் பற்றும் அடிப்பூச்சை முதலில் அடிக்க வேண்டும்; சாதாரண அடிப்பூச்சு அலுமினியத்தில் சரியாகப் பிடிக்காமல் தாள்தாளாக உரியும். டயரைக் கழற்றாமலே அடிக்க விரும்புவோர், காற்றைச் சிறிது இறக்கி, பழைய சீட்டுக்கட்டின் அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறுமாறு டயருக்கும் ரிம்மின் விளிம்புக்கும் இடையே சுற்றிலும் செருகிவிட்டால், எந்த ஒட்டுத்தாளும் தராத தூய வட்ட விளிம்பு கிடைக்கும். தடித்த ஒரே பூச்சு வழிந்து கண்ணீர்க் கோடாகும். மெல்லிய பூச்சுகள் மூன்றோ நான்கோ, இடையிடையே பத்து நிமிடம் காயவிட்டு அடிப்பதே முறை.

பவுடர் கோட்டிங் என்பது உலர்ந்த சாயத்தூளை மின்னூட்டத்தால் ஒட்டவைத்து, 180 முதல் 200 பாகைவரை சூடாக்கி உருக்கிப் படியவைக்கும் முறை. நீடித்து உழைக்கக்கூடியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அலுமினிய ரிம்மின் வலிமை வெப்பப் பதப்படுத்தலால் பெறப்பட்டது, அளவுமீறிய சூடு அதைக் குறைக்கும். அடுப்பின் வெப்பத்தையும் நேரத்தையும் துல்லியமாகச் சொல்லக்கூடிய கடையிடம் மட்டுமே ரிம்மை ஒப்படைக்க வேண்டும். வெடிப்பு விழுந்த ரிம்மை எவ்வளவு மலிவாகப் பற்றவைத்துத் தருவதாகச் சொன்னாலும் அது சாலைக்கு உகந்ததன்று.

பழைய ரிம் வாங்குவோர் அளவை ஒத்துப்பார்ப்பது அவசியம். நான்கு ஆணித் துளைகளின் மையங்கள் வழியே வரையும் வட்டத்தின் விட்டம் சில கார்களில் 100 மில்லிமீட்டர், வேறு சிலவற்றில் 114.3 மில்லிமீட்டர், ஒன்றை மற்றொன்றில் வலிந்து ஏற்றக் கூடாது. அதோடு வரும் டயரின் பக்கத்தில் பொறித்த கடைசி நான்கு எண்களையும் படிக்க வேண்டும்: முதலிரண்டு தயாரான வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிப்பவை. பளபளக்கும் ரிம்மில் பத்தாண்டு பழைய டயர் வருவது பேரமன்று.

மிஞ்சிய தின்னரையும் சாயத்தையும் கால்வாயில் கொட்டினால் அவை கிள்ளான் ஆற்றுக்கும் கடலுக்குமே போய்ச்சேரும். பட்டறைகளின் சாயக் கழிவு 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்கீழ் தனியே கையாளப்பட வேண்டிய அட்டவணைக் கழிவாகும். காரின் நிறம் பதிவு விவரங்களில் இடம்பெறுவதால், முழு நிறத்தையும் மாற்றுவோர் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிடம் தெரிவித்துப் பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டும். பழைய நிறத்திலேயே அடிப்போருக்கு அந்த அலைச்சலும் இல்லை, கதவின் உள்விளிம்புகளில் பழைய நிறம் எட்டிப்பார்க்கும் அவலமும் இல்லை.

ரிம்மை மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நட்டு அமரும் கூம்புக் குழியிலும், ரிம் சக்கர அச்சோடு ஒட்டும் பின்முகத்திலும் சாயம் படியாதவாறு அடிப்பதற்கு முன்பே மூடிவிட வேண்டும். அங்கே படிந்த தடித்த சாயம் ஓட்டத்தில் நசுங்கித் தேய்ந்து நட்டைத் தளரச் செய்யும். பழைய சமன் எடைகளைப் பெயர்த்திருந்தால் சக்கரச் சமனைப் புதிதாகப் பார்க்க வேண்டும். நட்டுகளைக் குறுக்கெதிர் வரிசையில், காருக்குரிய கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின், சக்கரம் குளிர்ந்திருக்கும் வேளையில் நான்கு சக்கரங்களின் நட்டுகளையும் மீண்டும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள்.